பென்சில் நின்ற இடம்

வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குச் சற்று முன்னால், முதலாம் எண் நீதிமன்றத்தில், மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் தன் வலது கையை ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கினாள். மேடைக்குக் கீழே உட்கார்ந்திருந்த சுருக்கெழுத்தாளரின் பென்சில், தாளைத் தொடப்போன இடத்தில் அப்படியே நின்றது. அந்தக் கை உயராமல் இருந்திருந்தால் பத்தொன்பது வீடுகள் இடிந்திருக்காது.

வழக்கில் பெரிய சிக்கல் ஒன்றும் இல்லை. கால்வாய்க்கரையில் எழுபத்தோரு வீடுகள். அவற்றை எடுத்துவிட்டுச் சாலையை அகலப்படுத்த வேண்டும் என்று அரசு ஒற்றைக்காலில் நின்றது. நாற்பது வருடமாக இருக்கிறோம், மாற்று இடம் காட்டாமல் போகச் சொன்னால் எங்கே போவது என்று குடியிருப்பவர்கள் கேட்டார்கள். அவர்களுக்காக வாதாட வந்தவரை நீதிமன்றத்தில் எல்லோரும் ‘ஒத்தைக்கட்டு’ என்பார்கள். மற்ற வக்கீல்கள் தள்ளுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு வரும்போது, அவர் மட்டும் எப்போதும் ஒரே ஒரு காகிதக் கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வருவார்.

அன்று காலை நகரமைப்புச் செயலாளர் தொலைபேசியில் சொன்னதைத்தான் தலைமை வழக்கறிஞர் நீதிமன்றத்தில் சொன்னாள். “அடுத்த வியாழக்கிழமை விசாரணை வரைக்கும் அரசு ஒரு வீட்டையும் தொடாது.”

ஒத்தைக்கட்டு எழுந்தார். “ரொம்ப சந்தோஷம். அதை உத்தரவுல பதிவு பண்ணச் சொல்லிக் கேட்டுக்கறேன்.”

சுருக்கென்றது அவளுக்கு. தலைமை வழக்கறிஞர் எழுந்து நின்று ஒரு வாக்குக் கொடுத்தால் அதை எழுதிக்கொள்வதில்லை என்பது அந்த நீதிமன்றத்தின் வழக்கம். மூன்று தலைமுறையாக அப்படித்தான். எழுதச் சொல்வது முகத்துக்கு நேரே “உன்னை நம்பவில்லை” என்பதற்குச் சமம்.

கை உயர்ந்தது அப்போதுதான். “முப்பது வருஷமா இதே தரையில நிக்கறேன். என் வாய்ச்சொல் போதாதுன்னு நண்பர் நெனச்சா, எழுதிக்கட்டும்.”

நீதிபதி சிரித்தார். “தலைமை வழக்கறிஞர் சொன்னா போதும். அடுத்த வழக்கு.”

அன்றைய உத்தரவில் இருந்தது இரண்டே வரி. இரு தரப்பு வாதமும் கேட்கப்பட்டது. அடுத்த விசாரணை வரும் வியாழன்.

*

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் குமாஸ்தா கூப்பிட்டார். இருபத்தாறு வருடமாக அவளுடைய கட்டுகளைக் கட்டி அவிழ்க்கும் மனிதர். பதற்றமான நேரத்தில் குரல் இன்னும் நிதானமாகிவிடும்.

“மேடம், கால்வாய்க்கரையில மெஷின் எறங்கிடுச்சு.”

“எந்த மெஷின்?”

“இடிக்கற மெஷின். ரெண்டு.”

அவள் போய்ச் சேர்ந்தபோது பத்தொன்பது வீடுகள் இல்லாமல் போயிருந்தன. ஒரு கதவு மட்டும், சட்டத்தோடு, தாழ்ப்பாள் போட்டபடி நின்றது. உள்ளே பூட்டிப் பாதுகாக்க ஒன்றும் மிச்சம் இல்லை. பாதி நின்ற சுவர் ஒன்றில், பென்சிலால் கோடு போட்டுக் குழந்தைகளின் உயரத்தைக் குறித்திருந்தார்கள். இருபதாவது வீட்டுக்கு முன்னால், இயந்திரத்தின் வாய்க்கு நேர் எதிரே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் ஒத்தைக்கட்டு. மடியில் அந்தக் கட்டு. இயந்திர ஓட்டுநர் கீழே இறங்கி டீ குடித்துக்கொண்டிருந்தார். ஒத்தைக்கட்டு அவளைப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். திட்டியிருந்தால் கூடத் தாங்கியிருப்பாள்.

இடிந்த வீடு ஒன்றிலிருந்து, துணி தேய்த்துக் கொடுத்துப் பிழைக்கும் பெண் தன் தேய்ப்பு மேசையை வெளியே இழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கால் செங்கலுக்குள் மாட்டியிருந்தது.

“முன்னாடியே சாமானை எடுத்து வச்சிருக்கக் கூடாதா?” என்றாள் தலைமை வழக்கறிஞர். கேட்ட பிறகுதான், கேட்டிருக்கக் கூடாது என்று உறைத்தது.

“எடுத்து வச்சிருந்தோமே. புதன்கிழமையே மூட்டை கட்டியாச்சு. வியாழக்கிழமை கோர்ட்ல யாரோ ஒரு அம்மா வாக்குக் குடுத்துட்டாங்க, ஒரு வாரம் பயமில்லைன்னு வக்கீலய்யா சொன்னாரு. மறுபடியும் எல்லாத்தையும் பிரிச்சு அடுக்கினேன்.”

“அந்த அம்மா நான்தான்.”

பெண் நிமிர்ந்து அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். துப்புவாளோ என்று தோன்றியது.

“அப்போ இந்தப் பக்கம் பிடிங்க” என்றாள் பெண்.

இரண்டு பேரும் சேர்ந்து மேசையைத் தூக்கித் தெருவில் வைத்தார்கள்.

காரில் ஏறியதும் செயலாளரைக் கூப்பிட்டாள். மூன்றாவது முறைதான் எடுத்தார்.

“நீங்க சொல்லித்தானே நான் வாக்குக் குடுத்தேன்?”

“அப்படி நான் சொன்னதா எங்கேயாவது எழுத்துல இருக்கா, மேடம்?” குரலில் கோபமில்லை, குழைவுதான் இருந்தது. “உத்தரவைப் பாத்தோம். வாக்குறுதின்னு ஒரு வார்த்தை கூட இல்லையே. அதனாலதான் வேலையை ஆரம்பிச்சோம்.”

*

திங்கட்கிழமை சட்ட அமைச்சரின் அறை. நாற்காலிகள் புதுசு, பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கவில்லை. அசையும்போதெல்லாம் சத்தம் போட்டன. அமைச்சர் தானே எழுந்து அவளுக்கு டீ ஊற்றினார். அதிலேயே ஏதோ பெரிய காரியம் கேட்கப்போகிறார் என்று புரிந்தது.

“நீங்க கோர்ட்ல ‘பரிசீலிக்கிறோம்’னுதான் சொன்னீங்க. இல்லையாம்மா?”

“இல்லைங்க. ‘தொடாது’ன்னு சொன்னேன்.”

“ஞாபகம் மாறிப்போகும். ஒரு நாளைக்கு எத்தனை கேஸ்ல நிக்கறீங்க!”

“எல்லாமே ஞாபகம் இருக்கு. அதுக்குத்தான் என்னை வச்சிருக்கீங்க.”

அமைச்சர் சிரித்தார். மூலையில் உட்கார்ந்திருந்த செயலாளரும், தாமதமாக, சிரித்தார்.

“வாக்குறுதியே குடுக்கலைன்னு அரசு சார்பா பிரமாணப் பத்திரம் தாக்கல் ஆகப்போகுது. நீங்க எழுந்து நின்னு ஆமான்னு தலையாட்டினா போதும். மிச்சம் அம்பத்தி ரெண்டு வீடு. ஒரே நாள் வேலை.”

“நான் ஆட்டலைன்னா?”

“எங்களுக்கு எதிரா நீங்களா? அரசோட வக்கீல் அரசை எதிர்த்துப் பேச முடியாதே.”

“அரசு தோக்க வேண்டிய கேஸ்ல தோத்துக் குடுக்கறதும் என் வேலைதான். பதவியேத்த அன்னைக்கே உங்ககிட்ட சொன்னேன், கை தட்டினீங்க.” டீயைத் தொடாமல் எழுந்தாள். “பொய் சொல்றதுக்கு நான் எதுக்கு? அதுக்கு உங்ககிட்ட ஆள் இல்லையா?”

மாலை ஐந்து மணிக்கு ஒரு கடிதம் வந்தது. இந்த வழக்கிலிருந்து தலைமை வழக்கறிஞர் விடுவிக்கப்படுகிறார். கூடுதல் வழக்கறிஞர் ஆஜராவார். அந்தக் கூடுதல் வழக்கறிஞர் அவளிடம் தொழில் கற்றவர். அந்தப் பதவிக்கு அவர் பெயரைச் சொன்னவளும் அவள்தான். அவர் போன் பண்ணவில்லை.

சாப்பிடும்போது கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். முப்பத்தைந்து வருடம் ரயில்களை அனுப்பியவர். இன்னும் சாப்பாட்டைக் கூட நேரம் பார்த்துத்தான் முடிப்பார்.

“என்னங்க, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்க?”

“என்னத்தைச் சொல்ல? பக்கத்து ஸ்டேஷன்காரன் எனக்கு ஃபிரண்டு. இருபது வருஷப் பழக்கம், ஒரே தட்டுல சாப்பிட்டிருக்கோம். ஆனாலும் தண்டவாளம் காலி, லைன் கிளியர்னு போன்ல சொன்னா, கூடவே ஒரு நம்பர் சொல்வான். அதை நான் நோட்டுல எழுதுவேன். நான் எழுதினதைத் திருப்பிச் சொன்னா அவனும் எழுதுவான். அப்புறம்தான் வண்டி நகரும். ஒருத்தனும் கோச்சுக்கிட்டதில்லை.”

“உங்க வண்டி வேற, எங்க கோர்ட் வேற.”

“ஆமாமா. உங்களுக்குக் கறுப்பு அங்கி இருக்கு. எங்களுக்கு வெறும் பச்சைக் கொடிதானே.”

அவள் தட்டைத் தள்ளினாள். “குத்திக் காட்டாதீங்க.”

“குத்தலைம்மா. ஒண்ணு கேக்கறேன். வண்டி மோதிடுச்சு. இப்போ ஸ்டேஷன் மாஸ்டர் என்ன பண்ணணும்?”

“என்ன பண்ணணும்?”

“விசாரணைக் கமிட்டி முன்னாடி போய் நிக்கணும். மொத கேள்வி வர்றதுக்கு முன்னாடியே, தப்பு என்னோடதுன்னு சொல்லிடணும். அப்பத்தான் மிச்சத்தை நம்புவாங்க.”

*

சிக்கல் ஒன்று இருந்தது. வாக்குறுதியைக் கேட்டவர்களில் நீதிபதி இருக்கிறார். ஆனால் வாக்குறுதியே இல்லை என்று அரசு சத்தியம் செய்தால், நீதிபதியே சாட்சியாகவும் நீதிபதியாகவும் இருக்க முடியாது. ஒத்தைக்கட்டு சொன்னால், கட்சிக்காரனுக்காகச் சொல்கிறார் என்பார்கள். சுருக்கெழுத்தாளரின் நோட்டில் ஒன்றுமில்லை. அன்று அறையில் இருந்த மற்ற வக்கீல்கள் அரசை எதிர்த்துக் கூண்டேற மாட்டார்கள். மிச்சம் அவள் ஒருத்திதான். அவளோ வழக்கிலிருந்து விலக்கப்பட்டவள். வக்கீலாக எழுந்து வாய் திறக்க முடியாது.

செவ்வாய்க்கிழமை ஒத்தைக்கட்டின் அறைக்குப் படியேறினாள். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சுவர் முழுக்க அலமாரி. அலமாரிகளில் நூற்றுக்கணக்கான கட்டுகள்.

“உங்ககிட்ட ஒரே ஒரு கட்டுதான் இருக்குன்னு நெனச்சிருந்தேன்” என்றாள்.

“கோர்ட்டுக்குத் தேவையானது ஒண்ணுதான். மிச்சத்தை இங்கயே படிச்சு முடிச்சுடுவேன்.” உட்காரச் சொல்லவில்லை. “எதுக்கு வந்தீங்க?”

“என்னைச் சாட்சியா கூப்பிடுங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “கட்சிக்காரர் உங்ககிட்ட சொன்னதை நீங்க வெளிய சொன்னா வக்கீல் உரிமமே போயிடும். தெரியுமில்ல?”

“செயலாளர் என் காதுல சொன்னதைச் சொல்ல மாட்டேன். நான் கோர்ட்ல நூறு பேர் முன்னாடி சொன்னதைச் சொல்றதுக்கு எவன் அனுமதியும் வேண்டாம்.”

அவர் நாற்காலியில் இருந்த கட்டை எடுத்துத் தரையில் வைத்தார். “உக்காருங்க. அன்னைக்கு என்னை அத்தனை பேர் முன்னாடி மட்டம் தட்டினீங்க.”

“தட்டினேன். நீங்க கேட்டது சரி. நான் பண்ணினது தப்பு.”

“இதையும் கூண்டுல சொல்வீங்களா?”

“கேளுங்க, சொல்றேன்.”

*

வியாழக்கிழமை முதலாம் எண் நீதிமன்றத்தில் நிற்க இடமில்லை. அந்த நீதிமன்றத்தில் இப்போதெல்லாம் மனுக்கள்தான் வரும், சாட்சி விசாரணை கிடையாது. மூலையில் இருந்த சாட்சிக் கூண்டில் பழைய தீர்ப்புத் தொகுதிகளையும் உடைந்த ஃபேன் ஒன்றையும் போட்டு வைத்திருந்தார்கள். ஒத்தைக்கட்டு சாட்சியின் பெயரைச் சொன்னதும் கூடுதல் வழக்கறிஞர் துள்ளி எழுந்து ஆட்சேபித்தார். நீதிபதி அவரை உட்காரச் சொன்னார். பிறகு ஊழியர்கள் கூண்டைக் காலி செய்ய எட்டு நிமிடம் ஆனது. அந்த எட்டு நிமிடமும் அவள் எல்லோர் பார்வையிலும் நின்றாள். கழுத்துப் பட்டியை அவிழ்த்தாள். அங்கியைக் கழற்றி மடித்துக் குமாஸ்தாவின் கையில் கொடுத்தாள். பின்வரிசையில் யாரோ, “டவாலி மக” என்று முணுமுணுத்தது தெளிவாகவே கேட்டது.

அந்தப் பெயர் முப்பது வருடப் பழசு. அவளுடைய அப்பா இதே நீதிமன்றத்தில் டவாலியாக இருந்தவர். வெள்ளை உடுப்பும் சிவப்புப் பட்டையுமாக, பூண் போட்ட கோலை ஊன்றி, “ஓரம், ஓரம்” என்று நீதிபதிக்கு முன்னால் நடப்பார். சாட்சிகளுக்குச் சத்தியம் செய்து வைப்பதும் அவர் வேலைதான். அவள் சட்டம் படித்துவிட்டு முதல் நாள் உள்ளே வந்தபோது பெரிய வக்கீல் ஒருவர், “டவாலி மக வந்திருக்கு, வழி விடுங்கப்பா” என்றார். அறையே சிரித்தது. “ஆமாங்க” என்றாள் அவள். “எங்கப்பா வழி விடச் சொன்னாத்தான் ஜட்ஜே நடப்பார். நீங்க எம்மாத்திரம்?” இரண்டாவது சிரிப்பு பெரிய வக்கீலைப் பார்த்து. அதற்குப் பிறகு பதினொரு வருடம் சிறைக் கைதிகளின் மேல்முறையீடுகள். தோற்றது பாதி, ஜெயித்தது பாதி. ராத்தூக்கம் கெட்டது தோற்ற பாதிக்காக. அப்புறம் அரசை எதிர்த்தே பல வழக்குகள். எதிர்த்து நின்று தொந்தரவு செய்தவளைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம் என்று ஒரு அரசு நினைத்தது. தலைமை வழக்கறிஞர்களின் பெயர்கள் எழுதிய தாழ்வாரத்துப் பலகையில் இருபத்து மூன்றாவது பெயராக அவள் ஏறினாள். முதல் பெண் பெயர். அப்பா பார்க்க இல்லை.

கூண்டில் ஏறினாள். இன்றைய டவாலி அவள் முன்னால் வந்து நின்றார். ஐம்பது வயதுக்காரர், உள்ளங்கை வேர்த்திருந்தது. அவர் யாருக்கும் சத்தியம் செய்து வைத்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. முதல் வரியைச் சொன்னார், அவள் திருப்பிச் சொன்னாள். இரண்டாம் வரிக்கு வாயைத் திறந்தார், வரி வரவில்லை.

அவருடைய காது சிவந்தது. அவள் காத்திருக்கவில்லை. அப்பா காலையில் சட்டைப் பித்தளைப் பொத்தான்களைத் துடைத்துக்கொண்டே முணுமுணுக்கும் வரிகள். ஏழு வயதில் மனப்பாடம். இரண்டாம் வரியையும் மூன்றாம் வரியையும் தானே, உரக்க, சொல்லி முடித்தாள். டவாலி தலையைக் குனிந்தபடி நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

ஒத்தைக்கட்டின் கேள்வி ஒன்றே ஒன்று. “போன வியாழக்கிழமை இந்த நீதிமன்றத்துல என்ன சொன்னீங்க?”

“அடுத்த விசாரணை வரைக்கும் அரசு ஒரு வீட்டையும் தொடாதுன்னு சொன்னேன்.”

அவர் உட்கார்ந்துவிட்டார். கூடுதல் வழக்கறிஞர் எழுந்தார். அவளைப் பார்க்காமல், அவளுக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்துக் கேட்டார்.

“அந்தப் பேச்சைப் பதிவு பண்ண விடாம நீங்களே கையைத் தூக்கித் தடுத்தது உண்மையா?”

“உண்மை.”

“உண்மையிலேயே வாக்குறுதியா இருந்தா எதுக்குத் தடுக்கணும்? ஏன் தடுத்தீங்க?”

“திமிர்.”

அறை சிரித்தது. நீதிபதி மேசையைத் தட்டினார்.

“என் வார்த்தையை எழுதச் சொல்ல நீ யாருங்கற திமிர்” என்றாள் அவள், சுருக்கெழுத்தாளரைப் பார்த்து. “அதையும் எழுதிக்குங்க. அந்தத் திமிரை நம்பிக் கட்டின மூட்டையைப் பிரிச்சவங்க வீடு இப்போ தரைமட்டம்.”

கூடுதல் வழக்கறிஞருக்கு வேகம் வந்துவிட்டது. “அப்படி வாக்குறுதி தர உங்களுக்கு யார் அதிகாரம் குடுத்தாங்க? யார் சொல்லித் தந்தீங்க? சொல்லுங்க!”

அவள் முன்வரிசையில் செயலாளர் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தாள்.

“என் கட்சிக்காரர் என்கிட்ட சொன்னதை, என் கட்சிக்காரர் அனுமதி இல்லாம நான் சொல்ல முடியாது. என் கட்சிக்காரர் அரசு. இப்போ கேக்கறது அரசோட வக்கீல். அனுமதி குடுத்துட்டுத்தான் கேக்கறீங்கன்னா, யாரு, எத்தனை மணிக்கு, எந்த நம்பர்லருந்து பேசினாருன்னு வரிவரியா சொல்றேன். அனுமதியா? பின்னாடி திரும்பி ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.”

கூடுதல் வழக்கறிஞர் திரும்பினார். செயலாளர் தலையை அசைத்தார். மிகச் சிறிய அசைவுதான்; இடமிருந்து வலம், வலமிருந்து இடம். மேடையிலிருந்து நீதிபதியும் அதைப் பார்த்தார்.

“கேள்வியைத் திரும்பப் பெறுகிறேன்” என்று முனகிவிட்டுக் கூடுதல் வழக்கறிஞர் உட்கார்ந்தார்.

உத்தரவு அரைமணி நேரத்தில் வந்தது. வாக்குறுதி தரப்பட்டது. அது மீறப்பட்டது. ஐம்பத்திரண்டு வீடுகளை வழக்கு முடியும் வரை தொடக் கூடாது. பத்தொன்பதையும் அரசு திரும்பக் கட்டித் தர வேண்டும். அவமதிப்புக்குச் செயலாளர் நேரில் வந்து விளக்கம் சொல்ல வேண்டும். தலைமை வழக்கறிஞரின் நடத்தைக்கு ஒரு பத்தி ஒதுக்கினார் நீதிபதி. அதில் பாதி பாராட்டு, பாதி கண்டனம். கண்டனப் பாதியை அவர் கொஞ்சம் வேகமாகவே வாசித்தார். அவள் நின்றபடியே, முகம் மாறாமல், இரண்டையும் கேட்டாள்.

கூண்டிலிருந்து இறங்கிக் கதவருகே வரும்போது அடுத்த வழக்கு தொடங்கியிருந்தது. வேறொரு அரசு வக்கீல் எழுந்து, “திங்கட்கிழமைக்குள்ள ஆவணத்தைத் தந்துடறோம், மை லார்ட்” என்றார்.

“எழுதிக்கோங்க” என்றார் நீதிபதி, சுருக்கெழுத்தாளரிடம்.

பென்சில் தாளில் ஓடும் சத்தம் அவளுக்குக் கேட்டது. மூன்று தலைமுறை வழக்கம் அந்தச் சத்தத்தோடு முடிந்தது. முடித்தவள் அவள்தான்.  நிற்காமல் நடந்தாள்.

*

அவளுடைய அறையில் குமாஸ்தா சுவரில் இருந்த படத்தைக் கழற்றித் தாளில் சுற்றிக்கொண்டிருந்தார்.

“என்னண்ணே பண்றீங்க?”

“எப்படியும் போகப்போறோம். அவங்க வந்து எறியறதுக்கு முன்னாடி நாமளே...”

மேசைமேல் தொலைபேசி அடித்தது. சட்ட அமைச்சர். டீ ஊற்றிய அதே குரல்.

“அம்மா, நடந்தது நடந்து போச்சு. உங்க மரியாதைக்குப் பங்கம் வராம முடிச்சுக்கலாம். உடல்நிலை சரியில்லைன்னு ரெண்டு வரி ராஜினாமா அனுப்பிடுங்க. நாங்களும் நல்லதா நாலு வார்த்தை சொல்லி அனுப்பறோம்.”

“உடம்புக்கு ஒண்ணுமில்லைங்க. மூணு மாடி ஏறி எறங்கினேன், மூச்சுகூட வாங்கல.”

“வெளையாடாதீங்க. சாயந்தரத்துக்குள்ள நீங்க வெலகணும். இது என் முடிவு.”

“நான் வெலக மாட்டேன். நீங்க வெலக்குங்க. அதுக்கு உங்களுக்கு அதிகாரம் இருக்கு.”

“சரி. உங்களை வெலக்கியாச்சு. போதுமா?”

“போதாது.” நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “என்ன காரணத்துக்கு வெலக்கறீங்கன்னு எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. வாயால சொன்னதை இனிமே நான் எடுத்துக்கறதில்லை.”

மறுமுனையில் போனை வைத்துவிட்டார்.

குமாஸ்தா பாதி சுற்றிய படத்தோடு நின்றார். “எழுதி அனுப்புவாங்களா, மேடம்?”

“காரணத்தை எழுதணுமே. நீங்களே எழுதிப் பாருங்களேன், எப்படி வருதுன்னு.”

அவர் மனதுக்குள் எழுதிப் பார்த்தார் போலிருக்கிறது. உதட்டோரம் மெல்லக் கோணியது.

“படத்தை மாட்டுங்கண்ணே. நாளைக்கு எத்தனை கேஸ்?”

“ஒம்பது, மேடம்.”

“கட்டை எடுங்க.”